கையுறையின் உட்புறம்

ஆல்போர்க் தலைமை அலுவலகத்திலிருந்து தோர்பென்
பதினோரு பக்கம் அனுப்பியிருந்தான்.
கண்ணுக்கு இதமான திரை, கைக்கு வேகமான வேலை.
ஐகான்கள் இடப்பக்கம், ஒரே வரிசையில்.
நிறங்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம்.
பின்னணியில் அமைதியான இயற்கைக் காட்சி ஒன்று.
மாதிரிக்கு அவனே இணைத்திருந்தான்:
விடியலில் மிதக்கும் பனிப்பாறை,
அசையாத நீலத் தண்ணீர்,
கரையில் சிவப்பாய் ஒரு வீடு.

அது இலுலிசாட்.
வீடு எங்களுடையது இல்லை,
இரண்டு வீடு தள்ளி, மாத்தியாஸுடையது.
படம் எடுத்தவன் நாலடி நகர்ந்து நின்றிருந்தால்
எங்கள் எண்ணெய்த் தொட்டியும்
கொடியில் விறைத்துத் தொங்கும் மகனின் கால்சட்டையும்
உலகத்து மேசைகளுக்கெல்லாம்
நிம்மதி தந்துகொண்டிருக்கும்.

சொன்னபடி வைத்துப் பார்த்தேன்.
ஜன்னலில் ஒரு பனிப்பாறை, திரையில் ஒரு பனிப்பாறை.
ஜன்னலில் இருப்பது
இரவு இரண்டு மணிக்குப் பீரங்கிபோல் வெடிக்கும்.
நாய்கள் எழுந்து ஊரையே திட்டும்.
அலை வந்து படகுகளை முட்டவிடும்.
குனுக் பாதித் தூக்கத்தில் பூட்ஸைத் தேடி ஓடுவான்,
இடது கால் வலதில்.
திரையில் இருப்பதும் எப்போது புரளுமோ என்று
என் ஒரு கண் அதிலேயே கிடந்தது.
அன்று நானூற்றுப் பன்னிரண்டு கிலோ ஹாலிபட்டை
நாற்பத்தொன்று என்று பதிந்தேன்.
அக்காலுக் போன் செய்தான்:
"மிச்சத்தை நீயே தின்றுவிட்டாயா, பிபாலுக்?"

விமானம் வராத ஒரு புயல் ஞாயிறு
துப்புரவுக்கு உட்கார்ந்தேன்.
இருநூற்றாறு ஐகான்.
புதிது, புதிது இரண்டு,
கடைசி, இதுதான் கடைசி,
கடைசிக்கும் கடைசி.
படகுக் கடனை ஒரு ஃபோல்டருக்குள் போட்டு
அதை இன்னொன்றுக்குள் போட்டு
அதற்கு 'சமையல்' என்று பெயர் வைத்தேன்.
மூடி வைத்தால் கடன் வேகாதா என்ன.

இடம் காலியானது. இனி பின்னணி.

தென்னை மரக் கடற்கரையை வைத்தேன்.
ஒரு மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது.
பிறகு தோன்றியது,
அந்த மரங்களுக்குப் பின்னாலும் ஒரு கொட்டகை இருக்கும்,
அதில் ஒருத்தி மீனை எடை போட்டுப்
பதிந்துகொண்டிருப்பாள்,
வியர்வையைப் புறங்கையால் துடைத்துவிட்டு
திரையைப் பார்ப்பாள்.
அதில் எங்கள் பனிப்பாறை.
மாத்தியாஸின் வீடு.

இளம் பழுப்பு:
நூக் ஆஸ்பத்திரியின் நடைக்கூடம்.
கறுப்பு:
டிசம்பர் முழுக்க வாசலிலேயே கிடக்கிறது,
உள்ளேயும் எதற்கு.

படங்களை அழித்துக்கொண்டே போனபோது
ஒன்று அகப்பட்டது.
மார்ச்சில், வண்டியில் நாய்களின் பின்னால் போனபோது
போன் தானாகவே எடுத்தது.
சீல் தோல் கையுறைக்குள்ளிருந்து.
உருவம் ஒன்றும் இல்லை.
கருஞ்சிவப்பு.
தையல் பிரிந்த ஓரத்தில் மட்டும்
கசிந்த கொஞ்சம் வெயில்.
அழிக்கப் போன விரல்
அப்படியே நின்றது.

இப்போது அதுதான் என் மேசை.
மேலே மூன்றே ஐகான்: எடை, சம்பளம், வானிலை.
வானிலையையும் தூக்கிவிடலாம்.
குனுக் கரைக்கு வந்த நாட்களில்
தூக்கியும் விடுகிறேன்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் என் திரையைக் காட்டச் சொன்னார்கள்.
தோர்பென் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டான்:
"படம் இன்னும் லோட் ஆகவில்லையோ?"
"ஆகிவிட்டது."
"என்ன அது?"
பதில் சொல்ல வாய் திறந்தேன்,
வெளியே ஒன்று பிளந்தது.
கோப்பை நடுங்கியது, நாய்கள் தொடங்கின.
"ஐயோ, அது என்ன சத்தம்?"
"நீ அனுப்பிய பின்னணிப் படம்," என்றேன்.

அவன் சிரிக்கவில்லை.
நான் ஜன்னலுக்கு எழுந்து போய்
படகுகளை எண்ணிவிட்டு வந்து
அக்காலுக்கின் முந்நூற்றெட்டு கிலோவை
முந்நூற்றெட்டு என்றே பதிந்தேன்.