மதிப்பீட்டாளர் வந்த வாரம்

டுலூத்தில் மார்ச் மாதப் பனி
கறுத்துப்போய்க் கிடக்கும்.
கூரையோரம் பகலில் சொட்டும் நீர்
இரவில் ஈட்டியாகிவிடும்.

சமையலறை மேசையில் மூன்று காகிதக் குவியல்:
கட்டியவை, கட்ட வேண்டியவை,
டார்லாவைக் கேட்க வேண்டியவை.
டார்லா நான்தான்.

வேறு கதவுகளையும் தட்டிப் பார்த்தோம்.
ஏரியைப் பார்த்த முதியோர் குடியிருப்பில்
மாதம் ஆறாயிரத்து நானூறு டாலர்,
நாய்க்குத் தனி.
வாடகை மானியத்துக்கு மூன்று வருட வரிசை.
அப்பாவுக்கு எண்பத்து நான்கு;
அந்தக் கூட்டலை யாரும் உரக்கப் போடவில்லை.
கவுன்டி அலுவலகத்துப் பெண்
மிகவும் அன்பாகச் சொன்னாள்:
"உதவி கிடைக்க
உங்களிடம் எதுவும் இருக்கக் கூடாது.
உங்களிடம் கொஞ்சம் இருக்கிறது."

கொஞ்சம் என்றால் இந்த வீடு.
முப்பது வருடம், ஒவ்வொரு ஒன்றாம் தேதியும்,
இரும்புத்தாது ஏற்றும் துறைமுகத்திலிருந்து
குளித்துக்கூட வராமல்
வங்கிக்குப் போய்க் கட்டினார்.
இனி வங்கி அவருக்குக் கட்டும் என்றேன்.
ரிவர்ஸ் மார்ட்கேஜ்.
"ரிவர்ஸ் எடுக்கக் கூடாதென்றுதானே
சாவியை வாங்கி வைத்திருக்கிறாய்?" என்றார்
எய்னோ லாஹ்தி,
நவம்பரில் ப்யூக்கைப் பின்னால் எடுத்து
எதிர்வீட்டுத் தபால் பெட்டியைச் சாய்த்தவர்.

ஆலோசகரிடம் பேசாமல் கையெழுத்து இல்லை.
போனை ஸ்பீக்கரில் போட்டு
சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தோம்.
இருவருக்கும் புரிந்தால்தான் சான்றிதழ் தருவாராம்.
"மாதாமாதம் கடன் ஏன் வளர்கிறது,
சொல்ல முடியுமா, மிஸஸ் லாஹ்தி?"

என் பெயர் அம்மாவிடம்
காலையில் இருக்கும், மாலையில் இருக்காது.
மணி நாலரை.
நான் வாய் திறப்பதற்குள் கரண்டியைக் கீழே வைத்தாள்
மார்லிஸ், கிரெடிட் யூனியனில்
இருபத்திரண்டு வருடம் இரண்டாம் ஜன்னல்.
"வட்டி அசலில் சேர்ந்து அசலாகிவிடும்.
அப்புறம் அந்த அசலுக்கும் வட்டி.
ஒரு ஆளுக்கு இதை மூன்று தடவை விளக்கினேன்.
தொப்பியைக்கூடக் கழற்றவில்லை அவன்."

ஆலோசகர் சிரித்தார்.
அப்பா மேசைக்கடியில் அவள் முழங்காலைத் தொட்டார்.
பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, இன்னும் ஒன்று, என்றார்:
இருவரில் ஒருவராவது இங்கேயே வசிக்க வேண்டும்.
இல்லையென்றால் மொத்தக் கடனையும் கேட்பார்கள்.
"நாங்கள் எங்கே போகப் போகிறோம்?"
என்னைப் பார்க்காமல் சொன்னார் அப்பா.
பின்வாசல் கதவில்
போன மாதம் உயரத்தில் பொருத்திய இரண்டாவது தாழ்ப்பாள்,
அம்மாவின் கை எட்டாத இடத்தில்.

டூசானிலிருந்து வெஸ்லி கூப்பிட்டான்.
"எல்லாம் முடிந்த பிறகு நமக்கு என்ன மிஞ்சும்?"
கோபம் வந்தது.
வந்த வேகத்தில் போனது,
முந்தின இரவு
மின்சாரக் கட்டண உறையின் பின்பக்கத்தில்
அதே கழித்தலை நானும் போட்டிருந்தேன்.

வியாழக்கிழமை மதிப்பீட்டாளர்.
காலணிக்கு மேல் நீல பிளாஸ்டிக் உறை,
கையில் அளக்கும் லேசர்.
சிவப்புப் புள்ளி அப்பாவின் சட்டையில் ஒரு கணம் நின்று
விலகச் சொல்லிக் காத்திருந்தது.
நிலவறையில் ஒரு கதவைத் திறந்தார்,
கிறிஸ்துமஸ் பெட்டிகள், ஸ்கீ மட்டைகள்,
அவற்றின் பின்னால் மரப்பலகைகள், ஒரு அடுப்பு.
எழுதினார்: சௌனா. இயங்கவில்லை. மதிப்பு இல்லை.

"யார் சொன்னது?" என்றார் அப்பா,
அவருடைய கார் தெருமுனை திரும்பிய பிறகு.

பெட்டிகளை நான்தான் மேலே தூக்கினேன், பதினேழு.
பிர்ச் விறகு ஈரம். மூன்று முறை அணைந்தது.
ஒன்பது மணிக்குக் கற்கள் சூடேறின.
அடுப்பு அவரே வெல்டிங் செய்தது, ஒரு பக்கம் கோணல்.
அம்மா கீழ்ப்பலகையில், தலையில் துண்டு;
அப்பா ஒரு குவளை நீரைக் கற்களில் ஊற்றினார்,
சீறி எழுந்தது.

ஆவிக்குள்ளிருந்து என்னை உற்றுப் பார்த்தாள்.
"எய்னோ, யாரோ ஒரு பெண் நிற்கிறாள் பார்.
கதவைச் சாத்தச் சொல்.
சூடெல்லாம் வெளியே போகிறது."

உள்ளே வந்து சாத்தினேன்.