இடம் வருதல்

பத்திரகாளி கோயிலை ஊரே வலம் வரும்.
நாங்கள் சனிக்கிழமை பின்னேரங்களில்
சீனக்குடாவுக்குப் போய்
இடம் வந்தோம்.

சண்டை முடிந்து மூன்றாம் வருசம்.
நிலக்கரி முற்றத்துச் சாம்பலை வண்டிலில் ஏற்றிவந்து
கொட்டிப் பரவிய ஓடுபாதை.
நாலு பேர், நாலு சுற்று, பிரேக் கிடையாது.
திருப்பத்தில் இடது காலை ஊன்றி
பின்சில்லைச் சறுக்கவிட வேண்டும்,
கட்டறுத்த நாம்பனை வாலில் பிடித்தவன் போல.
அந்தக் காலுக்கு ஓர் இரும்புச் செருப்பு.
டொக்யார்ட் பட்டறையில்
கணக்கில் வராத தகட்டில் அடித்தது.

எனக்குப் புள்ளி எழுதும் வேலை.
முந்தினவனுக்கு மூன்று, பிறகு இரண்டு, பிறகு ஒன்று,
கடைசி ஆளுக்குச் சைபர்.
கார்பன் வைத்து மூன்று பிரதி.
வாசிக்க ஆளில்லாத மூன்றாம் பிரதியைத்தான்
நான் வடிவாக எழுதுவேன்.

முதலாம் பிரிவு கப்பல்காரருக்கும் விமானக்காரருக்கும்.
இரண்டாம் பிரிவு எங்களுக்கு.
அவர்கள் கழித்துவிட்ட மோட்டார் சைக்கிள்கள்.
ஒன்றின் தாங்கியில் 'மேரி' என்று
எவனோ காதலியின் பெயரை எழுதியிருந்தான்.
இராயப்பு அழிக்கவில்லை.
"மாதாவின்ர பேர்தானே, இருக்கட்டும்."

எஞ்சினுக்கு ஆமணக்கெண்ணெய்.
அது புகைந்ததும் வேலியோரச் சிறுவர்கள்
வாயை இறுக்கிப் பொத்துவார்கள்.
வீட்டில் அதுதான் பேதிமருந்து.

கச்சான் வீசிய மாதங்களில்
சாம்பல் எழும்பி எல்லாரையும் ஒரே நிறமாக்கியது.
உதுமாலெப்பையையும் பார்த்தலோட்டையும்
தொப்பித் துணியில்தான் பிரித்தறிந்தேன்: சிவப்பு, நீலம்.
கப்பலில் கரி தள்ளும் நோர்மனுக்கு மஞ்சள்.
அவனை முதலாம் பிரிவு எடுக்கவில்லை.
தன் ஊரிலும் இரண்டாம் பிரிவுதான் என்பான்,
புதன் இரவுகளில் இருபதாயிரம் சனம்,
பாணுக்குக் கூப்பன், ஓட்டத்துக்குக் கூப்பன் இல்லை.
இருபதாயிரம் என்றதை இராயப்பு நம்பவில்லை.
"வேட்டைத் திருவிழாவுக்கே அவ்வளவு வராது."

பதினோராவது கிழமை, கடைசி ஓட்டம்.
ஒரு புள்ளி கிடைத்தால்
டொக்யார்ட் முதலாம் பிரிவுக்கு ஏறும்.
மூன்றாம் சுற்றில் பார்த்தலோட் விழுந்தான்,
அவன் மேல் ஏறாமல் ஒடித்த உதுமாலெப்பை
வேலிக்குள் போனான்.
நோர்மன் முடித்துவிட்டு
இன்னும் ஒரு சுற்று சும்மா ஓடினான்.
இராயப்புவின் எஞ்சின்
கடைசித் திருப்பத்தில் இருமி நின்றது.

இறங்கினான்.
தள்ளினான்.
ஒரு காலில் இரும்பு, மறு காலில் வெறுங்கால்,
டக், பிறகு சத்தமில்லை, டக், பிறகு சத்தமில்லை.
சனம் முதலில் சிரித்தது.
பிறகு சிரிக்கவில்லை.
நேரக் கணக்கை வைத்திருந்த கொமாண்டர்
மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
நேரம் தப்பிவிட்டது, எனக்குத் தெரியும்.
நான் பென்சிலை எச்சிலில் தொட்டு
எழுதினேன்.
அவர் மணிக்கூட்டை மூடிப் பையில் போட்டார்.

அன்றிரவு சாராயம்.
மேரிக்கு ஒரு செவ்வந்தி மாலை.

வாடை திரும்ப, கப்பல்கள் வெளிக்கிட்டன.
விமானக்காரர் பாதிப் பேர் போனார்கள்.
டொக்யார்டில் ஆட்குறைப்பு, கறுப்புப் பலகையில் பெயர்கள்,
உதுமாலெப்பை ஏழாவது.
நாங்கள் ஏறிப்போன முதலாம் பிரிவில்
எங்களைத் தவிர ஒருவரும் இல்லை.

தை மாதம் நோர்மனிடமிருந்து ஒரு கடிதம்.
பனியாம், பாதை மூடிக் கிடக்கிறதாம்,
பங்குனியில் திறப்பார்களாம்.
எந்த இடம் வந்தான் என்று எழுதவில்லை.
அங்கத்தைச் சாம்பலும் நகத்துக்குள்தான் போகிறதாம்.
இராயப்பு இரண்டு தரம் வாசிக்கச் சொன்னான்.
பிறகு கேட்டான்:
"அண்டைக்கு நான் நேரத்துக்குத்தானே வந்தனான்?"

மழை தகரத்தில் கொட்டியது.
கேட்காத மாதிரி
கடிதத்தை மடித்தேன்.
மூன்றாம் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது,
கடைசி வரியில் அந்த ஒன்று,
மற்ற ஒன்றுகளைவிடக் கொஞ்சம்
அழுத்தமாக.