மரக்கூழ்

லீக்சாவில் நவம்பர்.
மூன்று மணிக்கே விளக்குப் போட்டாயிற்று.
ஒஸ்மோவும் நானும் பேசி நான்கு நாளாகிறது.
லாரிக் கடனை நீட்டிக்கக் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன்,
அவ்வளவுதான்.

அதற்காக அவன் கை வெடிப்பு ஆறிவிடுமா?
விரல் மடிப்புகளில் ரத்தக் கோடு,
பனியில் சங்கிலி இறுக்கி இறுக்கி.
களிம்பு ஆகாது அவனுக்கு,
எண்ணெய்ப் பிசுக்கில் ஸ்டீயரிங் வழுக்குமாம்.
எண்ணெயே இல்லாமல் ஒன்று செய்யப் பார்த்தேன்,
தண்ணீரை நிற்கவைத்து.

தபாலில் பொட்டலம் வந்தது.
வெள்ளைத் தூள், மணமில்லை.
மரத்திலிருந்து எடுத்த செல்லுலோஸ் என்று ஒட்டுத்தாளில் ஒரு வரி.
எந்த மரம் என்று போடவில்லை.

முதல் தடவை அப்படியே தண்ணீரில் கொட்டினேன்.
கொட்டத்தான் தெரியும் எனக்கு,
பேச்சும் அப்படித்தான்.
கிண்ணம் முழுக்க மீன்கண்கள்.
கரண்டியால் நசுக்க நசுக்க நழுவின.
ஒன்றை நகத்தால் பிளந்தேன்:
வெளியே வழவழப்பு,
உள்ளே தண்ணீரையே பார்க்காத தூள்.

இரண்டாம் தடவை கிளிசரினில் குழைத்தேன்.
அதில் அது கரையாது, ஊறாது,
துகள் துகளாக விலகி நிற்கும்.
பிறகு தண்ணீர், நூல் பிடித்தாற்போல்.
சிட்டிகை சோடா உப்பு.

ஒன்றும் நடக்கவில்லை.
கலங்கல் தண்ணீர்.
இன்னும் ஒரு கரண்டித் தூளுக்குக் கை போயிற்று,
பாதியில் திரும்பிற்று.
தட்டால் மூடிவிட்டுப் படுத்தேன்.

இரவு இரண்டு மணிக்கு லாரி வந்து நின்றது.
பூட்ஸ் கழற்றும் சத்தம்.
குழாய்ச் சத்தம்.
பீங்கானில் கரண்டி படும் சத்தம்.

கரண்டியா?

கம்பளிக் காலுறையோடு வழுக்கிக்கொண்டு ஓடினேன்.
நின்றபடியே தின்றுகொண்டிருந்தான்,
நான் தூங்கியபோது தெளிந்து
கண்ணாடியாய்க் கனத்துவிட்ட என் கூழை.
"கீஸ்ஸெலியில் பெர்ரி போட மறந்துவிட்டாய், ஹில்க்கா."
நான்கு நாளில் முதல் வாக்கியம்.

நல்லவேளை,
கெடாமலிருக்கச் சேர்க்கும் மருந்தைக்
காலையில்தான் ஊற்றுவதாக இருந்தேன்.

"அது கைக்கு," என்றேன்.
"எது?"
"நீ தின்றது. மரம்."

கரண்டியை விளக்குக்கு நேரே பிடித்தான்.
இருபத்தாறு வருடம் ஆலை வாசலில் ஸ்ப்ரூஸ் இறக்கியவன்.
ஆலைக்கு இன்னொரு பக்கமும் கதவு இருப்பதை
அவன் யோசித்ததே இல்லை போலும்.
"லேசாக இனிக்கிறது."
"கிளிசரின்."
"இல்லை, மரம்தான்," என்று அடம்.

மிச்சத்தை வழித்து அவன் கையில் தேய்த்தேன்.
எரிந்திருக்கும். இழுத்துக்கொள்ளவில்லை.
காய்ந்ததும் மெல்லிய ஏடு,
விரலை மடக்கினால் தோலைப் பிடித்து இழுத்தது.
"வழுக்காது," என்றான்,
இல்லாத ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்து.

கடன் தாள் மேசையில்தான் கிடந்தது.
கிண்ணத்தின் ஈர வட்டம் அதன்மேல்.
இருவரும் எடுக்கவில்லை.

நோட்டில் எழுதிவைத்தேன்:
இரண்டு விழுக்காடு அதிகம்.
அடுத்த தடவை ஒன்றரை.
மூடியை இறுக்கி, மேல்தட்டில், அவனுக்கு எட்டாமல்.