பாதி செட்

ஆறாயிரம் சொன்னார்.
ஐந்தரைக்கு முடிந்தது
பாதி மனிதர்.
வலது பக்கம் மட்டும்.
மண்டையோடு முழுசு,
கீழ்த்தாடையில் இரண்டு பல் குறை.

தண்டையார்பேட்டையில் ரேஷன் கடைக்கு மேல்மாடி.
சுகிர்தா அக்கா நைட் டூட்டி முடித்துத்
தூங்கி எழுந்த முகத்தோடு
"இடது காலர்போன் ஒண்ணு தனியா கெடக்கு, வச்சுக்கோ" என்றார்,
கறிவேப்பிலைக் கொசுறு போல.

எலும்பெல்லாம் பேனா மை.
தசை தொடங்குமிடம் சிவப்பு, முடியுமிடம் நீலம்.
தொடையெலும்பின் தண்டில்
மூன்று பேர் பெயர் எழுதியிருக்கிறார்கள்.
மூவரும் படித்தவர்கள்.
எலும்புக்காரர் பெயர் எங்கும் இல்லை.

எம்.சி. ரோட்டுப் பட்டுக்கடைப் பையில்
அவரைப் போட்டுக்கொண்டு
ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

நான் இந்த ஊருக்கு வந்து பன்னிரண்டு நாள்.
இதுவரை தெரிந்தவை:
கன்டெய்னர் லாரி போனால்
விடுதி ஜன்னலோடு என் டம்ளரும் நடுங்கும்.
காற்று கிழக்கே இருந்தால் கருவாடு,
வடக்கே இருந்தால் பெட்ரோல்.
நாலாம் நம்பர் மேசையில் முதல் நாள்
கண்ணில் நீர் கொட்டியபோது
ஹால் அட்டெண்டர் துலுக்காணம் சொன்னது:
"அழுவுறன்னு நெனச்சிக்காத, அது மருந்துத் தண்ணி."
அன்று ராத்திரி மெஸ்ஸில் எல்லோரும் ஸ்பூன் கேட்டார்கள்.
ஜெசிந்தா மட்டும் கையால் பிசைந்து
இரண்டாம் சோறு வாங்கினாள்.

எதிர் சீட்டில் ஒரு அம்மா,
மீன் விற்றுத் தீர்ந்த அன்னக்கூடை மடியில்.
"இன்னா பாப்பா, பொடவையா?"
ஆமாம் என்றேன்.
மெட்ரோ தூணோரம் ஒரு பள்ளம்.
பட்டுக்கடைப் பை கிழிந்து
பந்துபோல எட்டிப் பார்த்தது தொடையெலும்பின் தலை.

கத்துவார் என்று நினைத்தேன்.
தோளில் கிடந்த ஈரத்துண்டை எடுத்து மூடினார்.
"ஸ்டான்லியா?"
"ம்."
"ஆம்பளையா, பொம்பளையா?"

தெரியவில்லை.
இடுப்பெலும்பைப் பார்த்துச் சொல்லலாமாம்;
அந்தப் பாடம் பொங்கலுக்கு அப்புறம்தான்.
அதையே சொன்னேன்.
ஆட்டோவில் யாரோ சிரித்தார்கள். அவர் இல்லை.

"இந்தத் தோளு தூக்கவே முடியல, இன்னான்னு பாரு."
எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு எலும்பு.
விரல் வைத்தேன். ஜாக்கெட் ஓரத்தில்,
மஞ்சக்கயிற்றுக்கு மேலே,
படத்தில் போட்டபடியே வளைந்து ஓடியது,
சூடாக.
"இது காறை எலும்பு" என்றேன்.
"எலும்பு நல்லாத்தான் கீது கண்ணு," என்றார்,
"கூடைதான் வெயிட்டு."

கல்மண்டபம் வந்தது.
முப்பது ரூபாயை டிரைவர் கையில் திணித்தார்.
"ரெண்டு பேருக்கு இருபதுதாம்மா."
"மூணு பேரு. பையில கீறவரையும் சேத்துக்கோ.
நாலு பேரு தூக்கினு போவ வேண்டியவரு,
ஆட்டோல போறாரு, போவட்டும்."
துண்டைக் கேட்கவில்லை.
நான் கூப்பிட்டது
சிக்னல் திறந்த சத்தத்தில் கேட்டிருக்காது.

இரவு கட்டிலுக்கடியில் பேப்பர் விரித்து
ஒவ்வொன்றாய் அடுக்கினேன்.
தொடையெலும்பின் கழுத்தில் ஒரு மீன் செதில்.
சுரண்டப் போய், விட்டுவிட்டேன்.
என் பெயரை எழுத எடுத்த பேனாவையும்
மூடி வைத்தேன், அதற்குக் காரணம் தெரியாது,
வைவாவில் கேட்டால் மார்க் போகும்.

வலது காறையின் பக்கத்தில்
கொசுறாய் வந்த இடதை வைத்துப் பார்த்தேன்.
ஒன்று நீளம். ஒன்று சன்னம்.
ஒரே ஆள் இல்லை.

அப்படியானால்
ஆட்டோவில் நாங்கள் நாலு பேர்.
பத்து ரூபாய் பாக்கி.