கச்சேரி என்று ஒரு முயல்

வெள்ளை. இரண்டரைக் கிலோ. பெயர் கச்சேரி.
எதைக் கேட்டாலும் பதில் சொல்லாமல்
வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பதால்
யூடித் வைத்த பெயர்.

கச்சான் காற்று அடிக்கும் ஆவணியில்
அக்கரைப்பற்றில் ஒரு பரிசளிப்பு விழா.
தகரக் கூரை. மத்தியானம் இரண்டரை.
பிரதம அதிதி நிந்தவூர் தாண்டிவிட்டாராம்.
அரை மணிக்கு முந்தியும்
அதே நிந்தவூரைத்தான் தாண்டினார்.

மேசைக்குப் பின்னால் தொங்கும் பெட்டியைப் பற்றி
மேடையில் மூச்சு விடமாட்டேன், இங்கே சொல்லலாம்:
கறுப்பாய்த் தெரிவது துணி இல்லை, நுளம்பு வலை.
அடியில் சாக்கு விரித்திருக்கிறது, கால் வழுக்காமல்.
ஆறு நிமிடத்துக்கு மேல் அதற்குள் வைப்பதில்லை.
கைதட்டில் நான் மணிக்கூட்டை மறந்தால்
யூடித் இருமுவாள்.

காதைப் பிடித்துத் தூக்கு என்கிறது சனம்.
போஸ்டரில் அப்படித்தான் கிடக்கிறது.
போஸ்டர் அடித்த பொடியனுக்கு
முயல் என்றால் இரண்டு காது.
எனக்கு அது இடுப்பு.
ஒரு கை நெஞ்சுக்குக் கீழே,
மறு கை பின்பக்கத்தைத் தாங்கி,
என் கோட்டோடு அணைத்தபடி எடுக்கவேண்டும்.
அந்தரத்தில் ஒருதரம் உதறினால் போதும்,
தன் முள்ளந்தண்டைத் தானே முறித்துவிடும் பிராணி.

முந்தி இன்னொன்றும் செய்தேன்.
மல்லாக்கக் கிடத்தி
வயிற்றைத் தடவி மூன்று எண்ணுவேன்.
நான்கு காலும் விறைத்து நிற்கும்.
‘வசியம்!’ என்பேன்.
விசில் கூரையில் போய் முட்டும்.

காதில் உண்ணி பார்க்கக் கொண்டுபோன நாளில்
மிருக வைத்தியர் பர்ஸானா
பேனையை மூடிக்கொண்டே சொன்னார்:
“அது உறங்கல்ல மாஸ்டர்.
செத்த மாதிரிக் கிடக்குது,
பிடிச்சது விட்டுட்டுப் போகட்டும் எண்டு.”

மருந்துக் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பதினொரு வயதில், ஒரு வெயில் பொழுதில்,
வேளாண்மைக்குள்ளே முகத்தைச் சேற்றில் புதைத்து
நானும் எண்ணிக்கொண்டு கிடந்திருக்கிறேன்.
மூன்றோடு முடியவில்லை அது.
வரம்பால் போன சப்பாத்துச் சத்தம்
கேட்காமல் போன பிறகும் எண்ணினேன்.

அந்த வித்தையை மறுகா நான் செய்யவில்லை.
கேட்பவர்களிடம்
முயலுக்கு வயசு போயிட்டுது என்பேன்.

நாலேகாலுக்கு அதிதி வந்தார்.
வரவேற்புரை. பொன்னாடை.
பொன்னாடை கிடைக்காமல் முகம் சுருங்கியவருக்கு
எங்கிருந்தோ இன்னொரு பொன்னாடை
(அதுவும் வித்தைதான், நான் கைதட்டினேன்).
பிறகு கரண்ட் போனது.
மின்விசிறிகள் மெல்ல மெல்லக் கிறுகி நின்றன.
துவாயில் சுற்றி வைத்த ஐஸ் போத்தல்
எப்போதோ தண்ணீராகியிருந்தது.

கச்சேரியின் காதைத் தொட்டேன். சுட்டது.
விலா விலுக்கு விலுக்கென்று அடித்தது.
அதற்கு வியர்க்கத் தெரியாது;
வெக்கையை வெளியே தள்ள
அந்த இரண்டு காதும் கொஞ்சம் மூச்சும்தான் வழி.
நான் ஒன்றும் சொல்லமுதல்
யூடித் பெட்டியைத் தூக்கிக்கொண்டு
பின்கதவால் வேம்பு நிழலுக்குப் போய்விட்டாள்.

அடுத்தது என் பெயர்.
தொப்பியைக் கவிழ்த்துக் காட்டினேன், வெறும் தொப்பி.
கோலால் தட்டிக் கையை விட்டேன்.
வெறும் தொப்பி.
முன்வரிசையிலிருந்து ஒரு சின்னவன் எழும்பினான்:
“முயல் எங்க?”
“கச்சேரி இண்டைக்கு லீவு.”
பெரியவர்கள் சிரித்தார்கள்.
அவன் சிரிக்கவில்லை.
மேடைக்கு ஏறி வந்து
தொப்பிக்குள் தலையை விட்டு
கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

முயல் காட்டாததற்கு
ஆயிரத்தைந்நூறு கழித்து, கணக்கும் எழுதி,
கடித உறையில் வைத்துத் தந்தார் செயலாளர்.

ஒலுவில் தாண்ட ஓட்டோவுக்குள் கடற்காற்று.
யூடித் மடியில் கூட்டைத் திறந்து வைத்திருந்தாள்.
ஈரக் கையால் காதை நீவிவிட்டாள்.
கங்குன் தண்டை முகர்ந்து பார்த்து வேண்டாமென்றது,
கொஞ்ச நேரம் சும்மா இருந்தது,
பிறகு பக்கத்தில் கிடந்த உறையை இழுத்து
கணக்கு எழுதியிருந்த மூலையிலிருந்து
மெல்லத் தின்னத் தொடங்கியது கச்சேரி.