காலக்கோடு, ஐந்து மதிப்பெண்

குளச்சல் ஐஸ் பிளாண்டின் மாடியில்
பகலெல்லாம் கட்டிக் கணக்கு எழுதுகிறவள் நான்.
ஏழு மணிக்கு மேல் அதே மேசையில்
ஒன்பது பிள்ளைகளுக்கு வரலாறு.
சம்பளம் கிடையாது. முதலாளி கேட்டது ஒன்றுதான்:
இரண்டு ஃபேனில் ஒன்றை அணைத்துவிட வேண்டும்.

பொதுத்தேர்வுக்குப் பத்தொன்பது நாள்.
கீழே கம்ப்ரசர் உறுமினால்
சௌரி சௌரா யார் காதிலும் விழாது.
அது மூச்சு வாங்கும் இடைவெளிகளில்
வேக வேகமாய்ச் சொல்லி முடிப்பேன்.
அப்படித்தான் ரெஸ்லின்
ரௌலட் சட்டத்தில் பாதியையும்
ஒத்துழையாமையில் பாதியையும் கேட்டு
புதிதாக ஓர் இயக்கமே எழுதிவிட்டாள்.
வாசிக்க நன்றாகத்தான் இருந்தது.
மதிப்பெண் இல்லை.

"எக்கா, நம்ம ஊர்ல வச்சு டச்சுக்காரன் தோத்தாம்லா,
அது வருமா?"
வெற்றித் தூணில் ஸ்டம்பு வரைந்து
பந்தடித்து வளர்ந்த விஜிலா கேட்கிறாள்.
வராது என்று சொல்ல வாய் எழவில்லை.
"படிச்சு வை" என்றேன்.

ஜெனோஷுக்கு ஆண்டுகளோடுதான் பகை.
சுதந்திரம் வாங்கி ஏழு வருஷம் கழித்து
வெள்ளையனை வெளியேறச் சொல்வான்.
ஆனால் துறைமுகத்தில் ஐஸ் இறக்கப் போகிறவனும் அவன்தான்.
எந்த நம்பர் வள்ளத்துக்கு எத்தனை கட்டி பாக்கி என்று
என் நோட்டு திறக்கும் முன்பே சொல்வான்.

"ஆண்டெல்லாம் வள்ளத்துக்க நம்பர்னு வச்சுக்கோ மக்கா."

முகம் மாறியது. பேனாவைப் பிடுங்கிக்கொண்டான்.
1919: "பிரான்சிஸ் மாமாக்குள்ளது. பலகை முழுக்க ஓட்டை."
1942: "கரையில ஒருத்தனையும் நிக்க விடாது,
போ போன்னு ஹாரன் அடிச்சிட்டே வரும்."
1947: "எப்பவும் நடுராத்திரிதான் கரை சேரும்."
1935: "வெளியே புது பெயிண்ட். உள்ள அதே பழைய இன்ஜின்."
இந்திய அரசுச் சட்டத்துக்கு
இதைவிட நல்ல விளக்கம் எந்த நோட்ஸிலும் இல்லை.
நஸ்ரின் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

"1930?"

பேனாவுக்கு மூடி போட்டான்.
"அது வேண்டாம்."
"உப்பு, மக்கா. கண்டிப்பா கேப்பான்."
"எங்களுக்குள்ளது. நீண்டகரைக்குப் போயிற்று."

எனக்குத் தெரியும்.
என் நோட்டில் அந்த எண்ணுக்கு ஒரு பக்கம் உண்டு.
இருநூற்றுப் பன்னிரண்டு கட்டி பாக்கி.
விற்ற அன்று சாயங்காலமே வந்து
அவன் அம்மா எண்ணி வைத்தாள்,
ஐம்பதும் நூறுமாக, சாளை மணக்க.
கணக்கு தீர்ந்தது என்று
ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் கோடு இழுத்தவள் நான்.
கோணாமல், நேராக,
பிள்ளைகளுக்கு இன்று சொல்லிக்கொடுக்கிற மாதிரியே.

கம்ப்ரசர் அன்றைக்கு என்னவோ
வெகுநேரம் உறுமாமல் கிடந்தது.
எல்லோரும் 1930-ஐத் தாண்டி 31-க்குப் போனோம்.

தேர்வு முடிந்த மத்தியானம்
யூனிஃபார்மோடு படியேறி வந்தான்.
"முப்பதுல இருந்து அம்பது வரைக்கும் கேட்டான் எக்கா."
"அஞ்சும் போட்டியா?"
"ஆறு."
முதல் புள்ளியில் உப்புச் சத்தியாகிரகம்.
அதற்குக் கீழே இடம் கிடந்ததாம்.
சின்ன எழுத்தில், பென்சிலால்,
வள்ளத்தின் பெயரையும் எழுதியிருக்கிறான்.

"மார்க்கு குறைப்பாவளா?"

"கூடுதலா எழுதினா குறைக்கமாட்டாவ" என்றேன்.
தெரிந்து சொல்லவில்லை.

அவன் இன்னும் ஏதோ கேட்டான்.
கீழே இயந்திரம் கிளம்பிவிட்டது.
உதடு மட்டும் அசைந்தது.
நான் தலையாட்டி வைத்தேன்.