வலது காது

வள்ளத்துக்கு நாங்கள் பேர் வைக்கவில்லை.
பழைய பேரை உப்பு தின்று
மூன்றெழுத்து மிஞ்சியிருந்தது,
எந்த மொழியென்றும் தெரியாது.
விற்றுவிட்டுப் போன வெள்ளைக்காரக் கிழவன்
லாச்சி நிறைய மத்தியதரைக் கடலை விட்டுப் போயிருந்தான்:
மடிப்பில் கிழிந்த வரைபடங்கள்,
கோப்பை வைத்த வட்டக் கறை,
தங்கிய இடமெல்லாம்
பென்சிலால் போட்ட சிறு சிலுவை.

வீட்டைப் பல் டொக்டருக்கு வாடகைக்குக் கொடுத்தோம்.
ஒஸ்லோவிலிருந்து மகன் ஒரு மாதம் கதைக்கவில்லை.
கச்சேரியில் இருபத்தெட்டு வருசம்
மற்றவர் காணிக்கு எல்லை எழுதினவள் நான்.
வடக்கே வாய்க்கால், கிழக்கே இன்னாரின் வேலி.
இப்போது நாலு பக்கமும் தண்ணீர்,
எழுத ஒன்றுமில்லை.

இவர் துறைமுகத்தில் இழுவைப் படகு எஞ்சின்காரர்.
முப்பத்தொரு வருச இரைச்சலில்
இடது காது போய்விட்டது.
சண்டை பிடிப்பதென்றால் வலப்பக்கம் வரவேண்டும்,
வலப்பக்கம் வரப் பாயின் குறுக்குத்தடிக்குக் கீழே குனியவேண்டும்.
குனிந்து நிமிர்வதற்குள்
பாதிக் கோபம் முழங்காலுக்கு இறங்கிவிடும்.

கொட்டியாரக் குடா நடுவில்
நேவிப் பெடியன் ஒருவன் விசைப்படகை அணைத்து நிறுத்திப்
பேர் கேட்டான்.
குமாரகுலசிங்கம் என்றார்.
இரண்டு முறை எழுதி இரண்டு முறை வெட்டினான்.
எங்கிருந்து? சீனன்குடா.
எங்கே? மூதூர்.
என்னத்துக்கு?
இவருக்குக் கேட்கவில்லை. நான் சொன்னேன்:
"சும்மா."
இந்தக் கடலில் சும்மா போகமுடியாத வருசங்கள் இருந்தன.
அவனுக்கு வயது காணாது.
படிவத்தில் அந்தச் சொல்லுக்கு இடமும் இல்லை.
தானாக ஏதோ எழுதிக்கொண்டு
எங்கள் பையிலிருந்து ஒரு பிடி வறுத்த கச்சான் வாங்கிப் போனான்.

இரவில் பற்றரி வெளிச்சத்தில் வரைபடம் விரிப்பார்.
"இண்டைக்குச் சிசிலி."
சூடை மீனைப் பிரட்டிக்கொண்டே நான்,
"அங்கை தண்ணியிலை உப்புக் கூட" என்பேன்,
போய்வந்தவள் மாதிரி.
சிலுவைகளுக்குப் பக்கத்தில் இரண்டு கையெழுத்து.
ஒன்று சாய்ந்தது. மற்றது குண்டு குண்டாக.
மால்டா தாண்டிக் கிழக்கே வர
குண்டெழுத்து இல்லை.
இவர் கவனித்தாரோ தெரியாது.
அந்தத் தாளை எப்போதும் அடியில் வைத்துவிடுவேன்.

வைகாசியில் கச்சான் காற்று சொல்லாமல் வந்தது.
கொறிக்கிற கச்சான் இல்லை,
கரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற கச்சான்.
இரண்டு மணிக்குச் சங்கிலி நறநறத்தது.
இவர் வலது காது தலையணைக்குள் அழுந்தக் கிடந்தார்,
உலகத்தில் ஒரு சத்தமும் இல்லாத மனிசன்.

மகாவலி வந்து விழுகிற இடம் அது.
கடலுக்கு அடியிலும் ஆறு இறங்கிப் போவது மாதிரிப் பள்ளம்.
கொஞ்சம் வழுக்கினால்
நங்கூரம் பிடிக்க மண் இல்லை.

உலுப்பி எழுப்பலாம்.

எஞ்சினைத் தட்டினேன்.
சுக்கானை இடுப்பால் முட்டுக்கொடுத்து
மூதூர்ப் பள்ளிவாசல் விளக்கைக் கண்ணால் பிடித்துக்கொண்டு
காற்றுக்கு நேரே, அங்குலம் அங்குலமாக.
சங்கிலி இழுத்த கை காந்தியது.
வாயில் என்ன கெட்ட வார்த்தை வந்ததென்று
கேட்க ஆளில்லை, நல்லது.
மறுபடி நங்கூரம் போட்டு
அது மண்ணைக் கவ்வும்வரை நின்றேன்.

சுபஹ் பாங்குக்கு அவர் புரண்டார்.
கொட்டாவியோடு மேலே வந்து
கரையைப் பார்த்தார், தென்னைகளை எண்ணினார்.
"பவளம், நாங்கள் நிண்ட இடம் இதில்லையே?"

வலப்பக்கம் போகக் குனிந்தேன்.
முழங்கால் விடவில்லை.
நின்ற இடத்திலேயே நின்று
இடது காதுக்கு எல்லாவற்றையும் சொன்னேன்,
இரவு, பள்ளம், அந்தக் குண்டெழுத்துக்காரி வரைக்கும்.

"ஓமோம்" என்றார்.
தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டினார்.